இறங்கிய இருக்கை

கால்மர் நகரில், எங்கள் குடியிருப்பின் நிலவறையில்
துணி துவைக்கும் அறைக்கு ஒரு முன்பதிவுப் பலகை.
வியாழன் மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை
எங்கள் வீட்டு எண்.
துவைக்க ஒன்றும் இல்லை.
அங்கே விளக்கு நல்ல விளக்கு, தரை சமமான தரை,
அதற்காகத்தான்.

இரண்டு சைக்கிள்களையும் சுவரோடு நிறுத்தினேன்.
ஒன்று சாலைக்கு.
மற்றது, கடலில் நீந்தி வந்து ஏறுவதற்கு,
இறங்கியதும் ஓடுவதற்கு.
ஆகஸ்டு வரை வாரத்தில் மூன்று நாள் இது,
இரண்டு நாள் அது.

தோர்கெல் அளவு நாடாவின் ஒரு முனையைச்
சாலை வண்டியின் மிதி அச்சு நடுவில் அழுத்திப் பிடித்தான்.
மறுமுனை இருக்கையின் மேல், என் விரலடியில்.
எழுநூற்று முப்பத்தொன்று, என்றேன்.
காதிலிருந்த பென்சிலை எடுத்து
சோப்புத்தூள் பெட்டியில் எழுதினான்.

அந்த எண்ணைச் சிந்தாமல் தூக்கிக்கொண்டு
அடுத்த வண்டிக்குப் போனோம்.
அங்கேதான் தகராறு.

சாலை வண்டியில் நான் உட்காருவது
பின்பாதியில், இரண்டு எலும்பின் மேல்.
இதற்கோ மூக்கு பிளந்த இருக்கை.
முழங்கைகளை முன்னால் கிடத்திவிட்டு
நுனியில் தொற்றிக்கொள்கிறேன்,
இருவர் இருக்கையில் மூன்றாவதாக உட்கார்ந்தவள் மாதிரி.
இதில் எந்த இடத்தை மேல் என்பது?
அவன் நடுவை அளந்தான், நான் நுனியை.
இடையில் ஆறு மில்லிமீட்டர்,
பதினோரு வருடத் தாம்பத்தியம்.

இருக்கை முன்னால் நகர்ந்தால்
மிதிகட்டையும் கிட்டே வந்துவிடுகிறது. கொஞ்சம் உயர்த்து.
இதன் மிதிகரம் ஏழரை மில்லிமீட்டர் குட்டை. அதற்கும் உயர்த்து.
இந்தக் காலணிக்கு அடித்தட்டு மெலிசு. அதற்குக் குறை.
கூட்டிக் கழித்தால் சரியாகத்தான் வந்தது.
கணக்கில் முழங்கால் இல்லை.

சனிக்கிழமை சைக்கிள் படகேறித் தீவுக்குப் போனேன்.
சுண்ணாம்புப் பாறைவெளி, மரமில்லை,
காற்றுக்கு ஒதுங்க ஓர் ஆடுகூட இல்லை.
இருபதாவது கிலோமீட்டரில்
இடது முழங்காலின் முன்பக்கம் முனக ஆரம்பித்தது.
பேருந்து நிறுத்தமொன்றில் இறங்கி, சாவி போட்டு, மூன்று மில்லி.
மரக் காற்றாலை வரிசையருகே இன்னும் மூன்று.
தேவாலயச் சுவரில் சாய்த்து, கடைசியாக மூன்று.
முழங்கால் வாயை மூடிக்கொண்டது.
ஒன்பது.
எங்கிருந்து வந்தது இந்த ஒன்பது?

அன்று இரவே நிலவறைக்கு இறங்கிப் போய்
சாலை வண்டியின் இருக்கைத் தண்டை உருவினேன்.
இரண்டு வருடம் முன்பு, எழுநூற்று நாற்பதில்,
வெள்ளைப் பேனாவால் போட்ட கோடு
சட்டத்தின் விளிம்பில் நிற்க வேண்டியது;
உள்ளே, இருட்டில், ஒன்பது மில்லி கீழே போயிருந்தது.

பிடிப்புப் பசை எப்போதோ காய்ந்துவிட்டது.
நாளுக்கு ஒரு மயிரிழை என்று
குளிர்காலம் முழுக்க இறங்கியிருக்கிறேன்.
கால் ஒரு வார்த்தை சொல்லவில்லை.
ஒவ்வொரு மயிரிழைக்கும் தலையாட்டியிருக்கிறது.
மேட்டில் குழுவுக்குப் பின்தங்கியபோதெல்லாம்
நாற்பத்து மூன்று வயது, என்று
நான்தான் அதற்குச் சமாதானம் சொன்னேன்.
புது வண்டிக்கு அந்த தாட்சண்யம் கிடையாது.
இருபதே கிலோமீட்டரில் சொல்லிவிட்டது.

திங்களன்று சாலை வண்டியில் ஏறினேன்.
பசை புதிது, கோடு விளிம்பில், எழுநூற்று நாற்பது.
யாரோ ஒருத்தியின் வண்டியைக்
கேட்காமல் எடுத்து வந்ததுபோல் இருந்தது.
பாதம் மிதிகட்டையைத் தேடித் தேடி எட்டியது,
இடுப்பு இருபுறமும் ஆடியது.
சரியான உயரம்தான், என்றேன் காலிடம்.
அது நம்பவில்லை.

பெட்டியில் முப்பத்தொன்றை அடித்துவிடவா, என்றான் தோர்கெல்.
இருக்கட்டும், என்றேன்.
அடுத்த வியாழன் பெட்டியே இல்லை.
இரண்டாம் மாடி குன்ஹில்ட்
திரைச்சீலை துவைத்திருக்கிறாள்.